ஜனவரிக்கு எண் பூஜ்யம்

ஜூலை 7, திங்கள்

மழை, நான்காவது நாளாக. துணி எதுவும் காயவில்லை. மித்ராவின் ஸ்கூல் சாக்ஸை இஸ்திரிப் பெட்டியால் காய வைத்தேன். ஒன்றில் ஓட்டை விழுந்துவிட்டது. கணுக்காலுக்குக் கீழேதான், தெரியாது.

செய்ய வேண்டியவை: கேஸ் புக் பண்ண. மித்ராவுக்குப் புது ரெயின்கோட் (பழையது இடுப்பு வரைதான் வருகிறது). தோசை மாவு, நிக்டியில் இருக்கும் தமிழ்க் கடையில் ஞாயிறே தீர்ந்துவிட்டதாம். பல் டாக்டர், மூன்றாவது முறையாகத் தள்ளிப்போடாமல்.

இந்த நோட்டு பாலாவின் தொழிற்சாலையில் கொடுத்த டயரி. பாதி வருடம் காலி. "தினமும் என்கிட்ட அந்தப் பொண்ணப் பத்தியே பேசுற. இதுல எழுதித் தொலை" என்று அவர்தான் கொடுத்தார். ஏழு மாதம் பொறுமையாகக் கேட்டிருக்கிறார், பாவம். எழுதித் தொலைக்கிறேன்.

அந்தப் பெண்: காயத்ரி. இருபத்தெட்டு வயது. பொள்ளாச்சி. டிசம்பரில் எங்கள் டீமில் சேர்ந்தாள். இனிமேல் கா. முழுப் பெயர் எழுதக் கை வலிக்கிறது.

கா. மேல் புகார்கள்:
1. மராத்தி. ஏழு மாதத்தில் கற்றுக்கொண்டுவிட்டாள். நான் பதினோரு வருடமாகப் புனேயில் இருக்கிறேன். ஆட்டோக்காரரிடம் "இத்தே தாம்பா" என்று இறங்குவதற்கு மேல் ஒரு சொல் வராது.
2. கேட்டில் எங்கள் பையைச் சோதிக்கும் சவிதா அவளிடம் மட்டும் சிரிக்கிறாள். என் பையை மட்டும் உள்ளே கைவிட்டுத் துழாவுகிறாள்.
3. தலைமுடி. (அடித்துவிடலாமா? இருக்கட்டும். யார் படிக்கப் போகிறார்கள்.)
4. என்னை "அக்கா" என்கிறாள். மீட்டிங்கில்கூட. அதைக் கேட்டுக் கேட்டு லூதியானாப் பையன் வரை எல்லோருக்கும் நான் "அக்கா" ஆகிவிட்டேன். முப்பத்தொன்பது வயது. சுபா என்று ஒரு பெயர் இருக்கிறது. முடியவில்லை என்றால் "மேடம்" என்றாவது கூப்பிடலாம்.

இன்று காலை நின்றபடி நடக்கும் கூட்டத்தில் தேஷ்பாண்டே சார், எங்கள் மேனேஜர், கா.வை இரண்டு முறை பாராட்டினார். எண்ணினேன். டீம் லீட் சந்தீப் மாதக் கடைசியில் வேறு கம்பெனிக்குப் போகிறார். அடுத்த லீட் யார் என்று பதினெட்டாம் தேதி வெள்ளிக்கிழமை சொல்வார்களாம். இரண்டு பெயர்தான் பேச்சில். ஒன்று நான், இங்கே ஒன்பது வருடம். இன்னொன்றை எழுத வேண்டியதில்லை.

பொறாமைதான். இதற்கு வேறு நல்ல பெயர் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

மழை. ஹிஞ்சேவாடி ஆபீஸ் போய்ச் சேர ஒன்றேகால் மணி நேரம். கேபில் முன் சீட்டுக்காரர் குறட்டை.

கேஸ் புக் பண்ணியாயிற்று. மற்றவை அப்படியே.

ராத்திரிச் சாப்பாட்டின்போது பாலா கேட்டார், அப்படி என்னதான் வேலை செய்கிறாய் என்று. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம் கழித்து! சொன்னேன். குழந்தைகள் கிளினிக்குகளுக்கான சாஃப்ட்வேர். தடுப்பூசித் தேதி வந்தால் அன்று காலை அம்மாவின் போனுக்கு மெசேஜ் போகும். தேதிகளை வைத்திருக்கும் சர்வர் பக்கம் பைத்தான். அங்கே ஜனவரி 1, டிசம்பர் 12. நாம் விரல்விட்டு எண்ணுவது போலவே. மெசேஜ் அனுப்பும் பக்கம் ஜாவாஸ்கிரிப்ட். அங்கே ஜனவரி 0, டிசம்பர் 11. ஆகஸ்ட் என்று சொல்ல வேண்டுமானால் 7 என்று சொல்ல வேண்டும்.

"எந்த அறிவாளி பண்ண வேலை?" என்றார்.

பழைய சி மொழியில் வந்த பழக்கம். மாதப் பெயர்களை ஒரு வரிசையில் வைத்தால், கம்ப்யூட்டருக்கு வரிசையின் முதல் இடம் பூஜ்யம். அதை ஜாவா எடுத்துக்கொண்டது, ஜாவாவிடமிருந்து ஜாவாஸ்கிரிப்ட்.

"அப்ப தேதியும் பூஜ்யத்துலேர்ந்தா?"

"இல்ல, தேதி ஒண்ணுலேர்ந்துதான். மாசம் மட்டும்."

"எங்க லைன்ல இப்படி எண்ணினா மத்தியானமே வீட்டுக்கு அனுப்பிடுவான்."

மித்ரா தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். "அம்மா, என் பர்த்டே ஜனவரில. அப்ப என் மந்த் ஜீரோவா?" உதடு பிதுங்கிவிட்டது. ஜீரோதான் எல்லாருக்கும் முன்னாடி வரும் என்றேன். ஒத்துக்கொள்ளவில்லை. சப்பாத்தியையும் முடிக்கவில்லை.

ஆக, இரண்டு பக்கத்துக்கும் நடுவில் யாராவது ஒன்றைக் கழிக்க வேண்டும். ஆறு வருடத்துக்கு முன்னால் அந்தக் கழித்தலை எழுதியவள் நான். ஒரே வரி. அதற்குப் பிறகு இங்கிருந்து போன ஒவ்வொரு தேதியும் என் வரியைத் தாண்டித்தான் போயிருக்கிறது. பெருமைப்பட என்னிடம் இருப்பது இவ்வளவுதான், ஆனாலும் பெருமைதான்.

அந்தப் பக்கத்தை இப்போது கா. மாற்றி எழுதுகிறாள். "பழைய கோட் கொஞ்சம் சிக்கலா இருக்குதுங்க்கா, சுத்தம் பண்ணிடறேன்" என்றாள். சுத்தமாம். நான் ஆறு வருடமாகக் குப்பை போட்டு வைத்திருக்கிறேன்.

ஜூலை 9, புதன்

தூறல். தயிர்சாதம், எலுமிச்சை ஊறுகாய்.

கா.வின் கோட் ரிவ்யூவுக்கு வந்தது, என் பெயருக்கு. யாராவது ஒருவர் படித்து ஒப்புதல் கொடுத்தால்தான் அது மேலே போகும். இரண்டு ஃபைல். முதல் ஃபைலைத் திறந்து, சாப்பிட்டுக்கொண்டே படித்தேன். தப்பு கண்டுபிடிக்கத்தான் படித்தேன், இங்கே என்ன மறைப்பது.

நன்றாக எழுதுகிறாள். அதுதான் எரிச்சல். பெயர்கள் எல்லாம் பார்த்தவுடன் புரிகின்றன.

பிறகு அந்த இடம். சர்வரிலிருந்து வரும் மாதம் நேராகப் போய்த் தேதியில் உட்காருகிறது. கழித்தல் இல்லை. என் வரியை எடுத்துவிட்டாள், அந்த இடத்தில் ஒன்றும் வைக்கவில்லை. ஆகஸ்ட் 14 என்பது செப்டம்பர் 14 ஆகிவிடும். எல்லா மெசேஜும் ஒரு மாதம் தாமதமாகப் போகும்.

இரண்டு முறை பார்த்தேன். வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஏழு மாதத்தில் இப்படி நிம்மதியாக ஒரு வாய் தயிர்சாதம் சாப்பிட்டதில்லை. பாராட்டு வாங்குகிற பெண், மராத்தி பேசுகிற பெண், காலேஜ் முதல் வருடப் பிள்ளைகள் செய்யும் தப்பைச் செய்திருக்கிறாள்!

இரண்டாவது ஃபைலைத் திறக்கவில்லை. எதற்கு? ஒன்று கிடைத்தது போதாதா?

தப்பு என்று எழுதி அனுப்ப வேண்டும். நாளைக்கு.

ஜூலை 10, வியாழன்

எழுதி அனுப்பவில்லை. 11.40க்கு ஒப்புதல் பொத்தானை அழுத்தினேன்.

"தேங்க்ஸ் அக்கா" என்று ஒரு செய்தி, கூடவே ஒரு இதயம்.

சனிக்கிழமை கோட் கிளினிக்குகளுக்குப் போகிறது. பதினெட்டாம் தேதிக்குள் யாராவது ஒரு கிளினிக் கவனித்துப் போன் பண்ணும். எல்லோரும் முழிப்பார்கள். அப்போது நான் மெதுவாக, அன்பாகச் சொல்வேன்: "ஜனவரி பூஜ்யம்மா, காயத்ரி." கேப் ஜன்னலைப் பார்த்து இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். பக்கத்து சீட்டுப் பெண் போனில் பேசுகிறேன் என்று நினைத்திருப்பாள்.

ஒப்புதல் கொடுத்தது நீதானே என்று கேட்டால்? அவசரத்தில் விட்டுப்போயிற்று என்று சொல்லலாம். திட்டு, எழுதியவளுக்குத்தான் விழும்.

இறங்கும் இடத்தில் வடா பாவ் இரண்டு. மிளகாய் கூடுதலாகக் கேட்டு வாங்கினேன்.

பல் டாக்டர்: அடுத்த வாரம்.

ஜூலை 11, வெள்ளி

கனமழை. குடைக் கம்பி உடைந்தது.

காலையில் கேட்டில் சவிதா கா.விடம் போனைக் காட்டிக்கொண்டிருந்தாள். பையன் படம். எட்டு மாதம். நெற்றியில் ஓரமாகக் கறுப்புப் பொட்டு, கன்னம் இரண்டும் தொங்குகிறது. நான் ஒதுங்கிப் போகப் பார்த்தேன், கா. கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள். "அக்கா, இவிங்க குட்டிக்கு நம்ம கிளினிக்லதானுங்க ஊசி! ஆகஸ்ட் பதினாலு, ஒம்பதாம் மாச ஊசி. நம்ம மெசேஜ் வந்தாத்தான் லீவு குடுப்பாங்களாமா, அதையே சூப்பர்வைசர்கிட்டக் காட்டுவாங்களாமா."

சவிதா முதல் முறையாக என்னைப் பார்த்தும் சிரித்தாள்.

அதற்குப் பிறகு வேலை ஓடவில்லை. மெசேஜ் செப்டம்பர் 14தான் போகும். அதுவரை அவள் லீவு கேட்க மாட்டாள். ஒரு மாதம் அந்தக் குழந்தை ஊசி இல்லாமல். அந்த ஒன்று மட்டுமா? நேற்று வரை எனக்கு அவை தேதிகள்.

கா.விடம் சொல்லியிருக்கலாம். எழுந்து இரண்டு அடிகூட வைத்தேன். சொன்னால் என்ன ஆகும்? "அய்யோ, நல்லவேளைங்க்கா" என்பாள், ஒரு நிமிடத்தில் திருத்துவாள், சனிக்கிழமை எல்லாம் பொன்னாக நடக்கும், லீட் அவள். திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

நானே போட்டுவிட்டேன். 5.52க்கு. ஒரே வரி: மாதத்தில் ஒன்று கழி. சீனியர்கள் அவசரத்துக்கு ரிவ்யூ இல்லாமலே மாற்றலாம், அந்த உரிமை எனக்கு உண்டு. டெஸ்ட் முழுக்க ஓடி முடிய இருபத்தைந்து நிமிடம். கேப் 6.10க்கு. ஓட்டவில்லை. ஒன்றைக் கழிப்பதில் என்ன வந்துவிடப் போகிறது. ஆறு வருடம் ஓடிய வரிதானே.

யாரிடமும் சொல்லவில்லை. தேவைப்பட்டால் பதினெட்டாம் தேதிக்கு முன்னால் ஹிஸ்டரியைத் திறந்து காட்டிக்கொள்ளலாம், யார் காப்பாற்றியது என்று. எந்த வரியை யார் எப்போது மாற்றினார்கள் என்பது அதில் இருக்கும்.

குழந்தைகளுக்கும் நல்லது செய்தாயிற்று, கா.வுக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. நல்ல நாள்.

ஜூலை 13, ஞாயிறு

மித்ராவுக்கு ரெயின்கோட் வாங்கியாயிற்று, மஞ்சள். வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டு திரிகிறாள்.

கா.வின் புது கோட் நேற்றுக் கிளினிக்குகளுக்குப் போயிற்றாம். ஞாயிறு கிளினிக் இல்லை, மெசேஜும் இல்லை; முதல் மெசேஜ் நாளைக் காலைதான். பிரச்சினை ஒன்றும் இல்லை என்று சந்தீப் குரூப்பில் போட்டார். எல்லோரும் கா.வுக்குக் கைதட்டல். நானும் ஒன்று போட்டேன்.

இட்லி மெத்தென்று வந்தது. பாலா ஒன்பது.

ஜூலை 14, திங்கள்

ஒன்பது மணிக்கு நான் உள்ளே நுழையும்போதே எல்லாப் போனும் அடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கிளினிக்கிலும் வாசல் வரை அம்மாக்கள், மழையில் நனைந்த குழந்தைகளோடு. "இன்று உங்கள் குழந்தைக்குத் தடுப்பூசி" என்று காலை ஏழு மணிக்கு மெசேஜ் வந்ததாம். இவர்கள் யாருக்கும் இன்று ஊசி இல்லை. எல்லோருடைய தேதியும் ஆகஸ்ட் 14.

ஆகஸ்ட் ஜூலை ஆகியிருக்கிறது. ஒரு மாதம் முந்திவிட்டது. இரண்டு முறை கழித்தால்தான் அப்படி ஆகும்.

நாற்காலியில் உட்காரக்கூட இல்லை, புதன்கிழமை திறக்காத அந்த இரண்டாவது ஃபைலைத் திறந்தேன். சர்வர் பக்கத்து ஃபைல். மேலேயே கா. குறிப்பு எழுதி வைத்திருக்கிறாள்: மாதத்தை இனி இங்கேயே ஒன்று கழித்து அனுப்புகிறோம், அந்தப் பக்கம் யாரும் கழிக்க வேண்டாம். அதற்குக் கீழே: இந்த வரி சுபா அக்கா எழுதியது, இடம் மட்டும் மாற்றியிருக்கிறேன்.

என் வரியை அவள் தூக்கி எறியவில்லை. பெயர் போட்டு வைத்திருந்தாள்.

தேஷ்பாண்டே சார் (இவரும் இனிமேல் தே.) அவளைக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டார். சத்தம் வெளியே கேட்காது, ஆனால் முகம் தெரியும். அவர் மேஜையைத் தட்டிப் பேசினார், அவள் நின்றுகொண்டே இருந்தாள். வெளியே வந்து பத்து நிமிடத்தில் ஹிஸ்டரியில் என் பெயரைக் கண்டுபிடித்துவிட்டாள். எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவள் நாற்காலி திரும்பியது. என்னைப் பார்த்தாள். திரும்பவும் திரையைப் பார்த்துக்கொண்டாள்.

சாயங்காலக் கூட்டத்தில் சொன்னாள்: "மாதக் கணக்கில் ஒன்று தப்பிவிட்டது. என் பகுதி. திருத்திவிட்டேன்." பெயர் சொல்லவில்லை. நான் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

நன்றி வர வேண்டும். வரவில்லை. வந்தது என்ன தெரியுமா? இந்தப் பெரிய மனசும் அவளுக்கேவா என்று. அதற்கும் பொறாமை. நான் மனுஷிதானா?

ஜூலை 15, செவ்வாய்

கேட்டில் சவிதா. நேற்று அவளைக் காணோம் என்பதே எனக்கு இப்போதுதான் உறைத்தது. மெசேஜைக் காட்டி லீவு வாங்கி, குழந்தையைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றிக்கொண்டு, இரண்டு பஸ் மாறிப் போயிருக்கிறாள். கார்டில் வேறு தேதி இருந்ததாம். மெசேஜ்தானே புதிதாக வந்தது, அதுதான் சரி என்று நினைத்தாளாம். நர்ஸ் திருப்பி அனுப்பிவிட்டார். குழந்தைக்குச் சளி. அடுத்த மாதம் இனி லீவு கேட்க முடியாது.

இதெல்லாம் கா.விடம் மராத்தியில் சொன்னாள். எனக்குப் பாதிதான் புரிந்தது, மீதியைக் கையும் முகமும் சொன்னது. கா. அவள் தோளைத் தொட்டு, "ஆம்சி சூக் ஜாலி" என்றாள். எங்கள் தப்பு. அவ்வளவு மராத்தி எனக்கே தெரியும்.

இன்று சவிதா என் பையைத் துழாவவில்லை. திறந்துகூடப் பார்க்காமல் போகச் சொன்னாள்.

ஜூலை 17, வியாழன்

நேற்று எழுதவில்லை. எழுத ஒன்றும் இல்லை. பல்வலி.

மூன்று மணிக்கு தே. சார் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். "காயத்ரி திறமைசாலி, ஆனால் திங்கட்கிழமை பார்த்தீர்களே. பொறுப்பு வேண்டும், நிதானம் வேண்டும். லீட் நீங்கள்தான். நாளை பதினொரு மணிக்கு அறிவிக்கிறேன்."

நான் என்ன சொன்னேன்? "தேங்க் யூ சார்." சொன்னேன். என் வாய்தான் சொன்னது.

பாலாவுக்கு மெசேஜ் போட்டுவிட்டேன், பழக்க தோஷம். இனிப்புக்கு ஸ்ரீகண்ட் வாங்கி வைத்திருந்தார். மித்ரா மஞ்சள் ரெயின்கோட்டில் குதித்தாள். ஒரு ஸ்பூன் வாயில் வைத்தேன், மீதியைத் தள்ளி வைத்தேன். மித்ரா டிவி பார்க்கப் போனதும் பாலாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஒப்புதல் கொடுத்ததையும் சேர்த்து. அழுகை வந்தது, அது பல்லாலும் இருக்கலாம்.

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "நாளைக்கு மீட்டிங் எத்தனை மணிக்கு?" என்றார்.

"பதினொண்ணு."

"அப்ப பத்துக்கே போயிரு."

ஸ்ரீகண்ட் டப்பாவை மூடி ஃப்ரிட்ஜில் வைத்தார்.

ஜூலை 18, வெள்ளி

பத்துக்குப் போனேன். தே. சாரின் திரையிலேயே ஹிஸ்டரியைத் திறந்தேன். என் பெயர், வெள்ளி, 5.52, ஒன்று கழி. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் படித்தார்.

"டெஸ்ட் ஓட்டவில்லையா?"

"இல்லை சார்."

"காயத்ரி ஏன் சொல்லவில்லை?"

தெரியாது என்றேன். அவர் வேறு ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் தாங்கவில்லை.

பதினொன்றுக்கு கா.வின் பெயர். எல்லோரும் கைதட்டினார்கள், நானும். இப்போதும் எரிகிறது. கை இல்லை, உள்ளே. சரியானது நடந்தது என்று தெரிந்தால் எரியாது என்று யார் சொன்னது.

நாலு மணிக்கு டீ எடுக்கும் இடத்தில் அவள் மட்டும் இருந்தாள். போய் நின்றேன். "திங்கக்கிழமையே என் பேரச் சொல்லியிருக்கலாம் நீ. என்னைக் காப்பாத்திட்ட. தேங்க்ஸ்" என்றேன்.

"நான் உங்களைக் காப்பாத்தலீங்க்கா" என்றாள். குரல் உயரவில்லை. "நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்துட்டு இருந்தேன். நாலு நாளு. இன்னைக்கும் சொல்லலைன்னா நானே சொல்லியிருப்பேனுங்க."

நான் கப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கட்டுங்களா? ரிவ்யூ ஓகே பண்ணீங்களே, அப்பவே அது தப்புன்னு நெனச்சுட்டுத்தான் ஓகே பண்ணீங்களா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அதற்கு எந்த ஹிஸ்டரியும் கிடையாது. இந்த நோட்டில் மட்டும்தான் இருக்கிறது.

"ஆமா" என்றேன்.

அவள் தன் கப்பை வெகுநேரம் கழுவினாள். கவிழ்த்து வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஜூலை 21, திங்கள்

மழை விட்டிருக்கிறது. மொட்டை மாடியில் துணி போட்டாயிற்று. பல் டாக்டர் சாயங்காலம் ஆறரைக்கு, இந்தத் தடவை கண்டிப்பாக.

சவிதாவிடம் குழந்தைக்குச் சளி எப்படி இருக்கிறது என்று கேட்க ஆசை. மராத்தியில் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. கேட்கக்கூடியது ஒருத்தியிடம்தான். கேட்கவில்லை.

காலைக் கூட்டத்தை முதல் முறையாக அவள் நடத்தினாள். நன்றாகவே நடத்தினாள். லூதியானாப் பையன் என்னைக் காட்டி, "அக்கா பக்கத்து வேலை முடியட்டும்" என்றான். சந்தீப்பும் அக்கா என்றார். அவள் ஒவ்வொருவராகப் பார்த்து வேலை பிரித்துக்கொண்டே வந்தாள். என்னிடம் வந்ததும், "சுபா மேடம், இந்த வாரம் ரிப்போர்ட் பக்கத்தை நீங்க பாத்துக்குங்க" என்றாள்.

மத்தியானம் அவளுடைய கோட் ரிவ்யூவுக்கு வந்தது. மறுபடியும் என் பெயருக்கே. இரண்டு ஃபைல். இரண்டையும் திறந்தேன், கடைசி வரி வரை படித்தேன். தப்பு ஒன்றும் இல்லை.